குசினிக்குச் சாந்து பூசுமுன்

நேயர்களே, புதுவீட்டிற் பால் காய்ச்ச நல்ல நாள் பார்க்கின்றோம். அடுப்பு நிற்கவேண்டிய இடத்தையோ, சுவருக்குச் சாந்து பூசிய பின்னரே சிந்திக்கின்றோம். பூசிய சுவரைக் கொத்துவதனால் பணந்தான் வீணாகும். கொத்த மனமின்றி ஒரே பிளக் பொயின்ரிற் பல கருவிகளை மாட்டுவதோ வீட்டையே எரிக்கவல்லது.

நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. 13 அம்பியர் பொயின்ற் ஒன்று ஏறக்குறைய 3000 வாற்று வரையே தாங்கும். மின்கேத்தல் ஒன்றே 2000 வாற்றை விழுங்கும். அதனோடு மின் அவணையும் சேர்த்தால் கம்பி சூடேறாது என்செய்யும்? ஆகவே, மேசன் சாந்து குழைக்குமுன் மின்வேலையாளரை அழைத்து, ஒவ்வொரு கருவியின் வாற்றையும் கூறி, பெரிய அடுப்புக்குத் தனி இணைப்புக் கேளுங்கள். புவித்தொடுப்பையும் ட்ரிப் சுவிச்சையும் செலவு கருதி விடவேண்டாம்.

எரிவாயுவின் இயல்பு வேறு. அது காற்றிலும் பாரமானது. கசிந்தால் தரையிற் படியும். சாளரம் திறந்திருக்கின்றதென ஆறுதலடைதல் தகாது. சுவரின் அடியிலும் காற்றுத்துளை வேண்டும். 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலங்கையின் பல பாகங்களில் அடுத்தடுத்து நேர்ந்த எரிவாயு வெடிப்புகளை நேயர்கள் மறந்திரார். கூடுமாயின் சிலிண்டரை வெளிச்சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள். குழாய் செல்லும் துளையையும் இப்போதே இடச்சொல்லுங்கள். கசிவறியத் தீக்குச்சி கொளுத்துவோரும் உளர்! சவர்க்கார நீரை மூட்டுகளிற் பூசினாற் போதும். குமிழி எழுமாயின் வாயிலை மூடிவிட்டு, வேலையாளரை மீண்டும் அழையுங்கள்.