உப்பும் மணலும் ஒளித்திருக்கும் இடங்கள்: காரின் பூச்சைக் கீறாமல் மூலை முடுக்குகளைக் கழுவுவது எப்படி?



வரவு செலவுக் கணக்கு, வரிப் பத்திரம் என்று பேசுகிற ஆள் இந்த மாதம் கார் கழுவுவது பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்குப் புதினமாக இருக்கலாம். ஆனால் இதுவும் ஒரு கணக்குத்தான். இங்கே சொந்த வீடு வாங்காமல் வாடகைக்கு இருக்கும் எங்கள் குடும்பங்கள் பலவற்றுக்குக் கார்தான் பெயரில் உள்ள பெரிய சொத்து. அந்தச் சொத்து ஒவ்வொரு ஆண்டும் தேய்ந்துகொண்டே போகும். கணக்கியலில் இதைத் தேய்மானம் என்போம். காரின் வயதை எங்களால் நிறுத்த முடியாது. பூச்சு மங்குவதையும் துரு பிடிப்பதையும் பெருமளவு தள்ளிப்போடலாம். ஒரே ஆண்டில் வந்து ஒரே தூரம் ஓடிய இரண்டு கார்களை விற்கப் போனால், வாங்க வருபவர் முதலில் பார்ப்பது வெளித்தோற்றத்தைத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. பலேர்மோவில் எங்கள் சகோதர சகோதரிகள் பலர் வீட்டு வேலையிலும் கட்டடக் காவல் வேலையிலும் இருக்கிறார்கள். முதலாளி வீட்டுக் காரைக் கழுவும் பொறுப்பும் சிலருக்கு உண்டு. நல்ல மனதோடு அழுத்தித் தேய்த்த இடத்தில் கீறல் விழுந்தால், அது பணத்தோடு நிற்காது, நம்பிக்கையையும் கெடுத்துவிடும். ஆகவே விடயத்தைச் சற்று விபரமாகப் பார்ப்போம்.

பலேர்மோவில் காரில் படிவது என்ன?

முதலாவது, கடல் உப்பு. துறைமுகத்தை ஒட்டிய வீதிகளிலும் போரோ இத்தாலிக்கோ கடற்கரைப் பக்கமும் கார் விடுபவர்களுக்கு இது தெரியும். காலையில் கண்ணாடியில் விரலை வைத்தால் பிசுபிசுக்கும். நாப்போலிக்கோ ஜெனோவாவுக்கோ கப்பலில் காரை ஏற்றிச் சென்று வந்தாலும் உப்புக்காற்று படும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் இரும்பில் துரு பிடிப்பது வேகமாகும். காரைநகரிலும் பருத்தித்துறையிலும் வளர்ந்தவர்களுக்கு வீட்டு யன்னல் கம்பிகளே இந்தப் பாடத்தைச் சொல்லித் தந்திருக்கும்.

இரண்டாவது, சஹாராப் பாலைவனத் தூசு. ஷிரோக்கோ எனப்படும் தெற்குக் காற்று ஆபிரிக்காவிலிருந்து இதைக் கொண்டுவருகிறது. அந்த நேரம் மழையும் பெய்தால் கார்கள் எல்லாம் செம்மண் தெளித்தது போலாகிவிடும். சிவப்பு நிறத்துக்குக் காரணம் தூசிலுள்ள இரும்பு ஒக்சைட்டு. ஆனால் எங்களுக்குப் பகை அந்த நிறம் அல்ல, அதோடு சேர்ந்து வரும் படிகக்கல் துகள்கள். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் படிகக்கல்லுக்கு 7. சாதாரண கத்தி இரும்பை விட அது கடினமானது.

மூன்றாவது, எற்னாச் சாம்பல். பலேர்மோவுக்கு இது அரிதுதான். கத்தானியாவில் உறவினர் உள்ளவர்கள் 2021ஆம் ஆண்டைக் கட்டாயம் நினைவில் வைத்திருப்பார்கள். அந்த ஆண்டு பெப்ரவரியில் தொடங்கி எற்னா பல தடவை சீறிச் சாம்பலைக் கொட்டியது. எரிமலைச் சாம்பல் விறகுச் சாம்பல் போன்றதல்ல. அது கண்ணாடியும் கல்லும் நொறுங்கிய தூள். அதைத் துணியால் துடைப்பதும் வைப்பரைப் போடுவதும் பெருந்தவறு.

கீறல் எப்படி விழுகிறது?

காரின் தகட்டுக்கு மேல் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற ஒரு மினுக்கப் பூச்சு என்று அடுக்குகள் உள்ளன. இந்த மேல் பூச்சின் தடிப்பு பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோன். எங்கள் தலைமயிர் ஒன்றின் தடிப்பைவிடவும் குறைவு என்று சொல்லலாம். உலர்ந்த தூசு உள்ள காரை உலர்ந்த துணியால் துடைப்பது மணல் கடதாசியால் உரஞ்சுவதற்குச் சமம். ஒரு தடவையில் தெரியாது. பல தடவை செய்த பிறகு வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போல் வட்டக் கோடுகள் தெரியும்.

மூலை முடுக்குகளில் இந்த ஆபத்து இன்னும் கூட. அங்கே மணல் தேங்கி நிற்கும், கை போகாது, ஆத்திரத்தில் நகத்தையோ கத்தியையோ விட்டுக் கிண்டுவோம். ஆகவே ஒரு விதியை மனதில் வைத்திருங்கள்: முதலில் ஊறவிடுங்கள், பிறகு தண்ணீரால் ஓடவிடுங்கள், கடைசியில் மட்டும் கையால் தொடுங்கள்.

வேண்டிய சாமான்கள்

இரண்டு வாளி. பூங்கன்றுகளுக்கு மருந்தடிக்கும், கையால் காற்றடிக்கும் சிறிய தெளிகருவி ஒன்று. மைக்ரோபைபர் துணி ஐந்தாறு. மென்மையான மயிருள்ள பெயின்ற் பிறஸ் இரண்டு. சிறு பிள்ளைகளின் மிக மென்மையான பல் பிறஸ் ஒன்று. காது துடைக்கும் பஞ்சுக் குச்சிகள். பழைய பருத்தி ரீ-சேர்ட்டிலிருந்து நீளமாக வெட்டிய துணிக் கீலங்கள். கார் கழுவும் ஷாம்பு ஒரு போத்தல்.

பெயின்ற் பிறஸ்ஸின் உலோக வளையத்தைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். மயிர் மென்மையாக இருந்தும், அந்த உலோகம் பட்டுத்தான் பல கார்களில் கீறல் விழுகிறது. பிறஸ்ஸை மணிக்கட்டின் உட்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். அங்கே குத்தினால் காருக்கு ஆகாது.

பாத்திரம் உரஞ்சும் பச்சைத் துண்டு, தும்பு, பழைய பத்திரிகைக் கடதாசி ஆகியவற்றைக் காரின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். கோப்பை கழுவும் திரவமும் வேண்டாம். அது கொழுப்பை அகற்றச் செய்யப்பட்டது. காரிலுள்ள மெழுகுப் பாதுகாப்பையும் சேர்த்தே கழற்றிவிடும்.

கழுவும் ஒழுங்கு

வெயிலில் சூடான காரில் தொடங்காதீர்கள். ஷாம்பு காய்ந்து கறையாகும். நிழலில் விட்டு, தகடு ஆறிய பின் தொடங்குங்கள். சில்லுகளுக்குத் தனித் துணியும் தனிப் பிறஸ்ஸும் வைத்து அவற்றை முதலில் முடியுங்கள். பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூள் அங்கே நிறைய உண்டு. அந்தத் துணி மறந்தும் காரின் உடலில் படக்கூடாது.

பின்பு கூரையிலிருந்து கீழ் நோக்கி வாருங்கள். ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். காரைத் துடைத்த துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசி மணலை இறக்கிவிட்டு, அதன் பிறகே ஷாம்புத் தண்ணீரில் தோயுங்கள். துணி நிலத்தில் விழுந்தால் அதைத் தூர வைத்துவிட்டு வேறு துணி எடுங்கள்.

இடம் இடமாக

1. வைப்பருக்குக் கீழுள்ள பள்ளம்: மரங்களுக்குக் கீழே விடும் கார்களில் இலையும் சருகும் முதலில் சேரும் இடம் இது. தண்ணீர் அடித்துக் கீழே தள்ளாதீர்கள். தண்ணீர் வடியும் துவாரங்கள் அடைபட்டால் மழைநீர் காருக்குள் இறங்கும். பொனற்றைத் திறந்து இலைகளைக் கையால் பொறுக்கி எடுத்த பின் மெதுவாக அலசுங்கள்.

2. கதவுக் கைபிடியின் உட்குழி: மோதிரமும் நகமும் பட்டு ஏற்கனவே கீறல் விழும் இடம். ஷாம்புத் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம் விட்டு, பெயின்ற் பிறஸ்ஸால் அழுத்தாமல் சுழற்றுங்கள். கழுவும்போது உங்கள் மோதிரம், கைக்கடிகாரம், இடுப்புப் பட்டி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.

3. பெயர் எழுத்துகளும் சின்னமும்: எழுத்துகளுக்கு இடையே பல் பிறஸ்ஸை வெறும் தண்ணீரோடு அல்லாமல் ஷாம்பு நுரையோடு பயன்படுத்துங்கள். நுரை மணலைத் தூக்கிக்கொண்டு வரும். முன் வலைத் தகட்டின் இடுக்குகளுக்குள் ஈரத் துணிக் கீலத்தை நுழைத்து இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுக்கலாம். முதலில் தண்ணீரால் அலசியிருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

4. பக்கக் கண்ணாடிகள்: மடியும் இணைப்பில் உப்பு தேங்கும். கண்ணாடியை மடித்து ஒரு தடவை, விரித்து ஒரு தடவை தெளியுங்கள். உள்ளே நிற்கும் தண்ணீர் பின்னர் வடிந்து கோடு போடும் என்பதால் இதைக் கடைசியில் துடையுங்கள்.

5. யன்னல் றப்பர்: இங்கே உள்ள மணல், கண்ணாடியை இறக்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் கோடு போடும். விரலில் ஈர மைக்ரோபைபரைச் சுற்றி ஒரே திசையில் இழுத்து, ஒவ்வொரு தடவையும் துணியின் புதுப் பக்கத்துக்கு மாறுங்கள்.

6. கதவு விளிம்பு, எண்ணெய் மூடி, டிக்கி ஓரம்: கதவைத் திறந்தால்தான் தெரியும் இடங்கள். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சிறு துவாரங்கள் உண்டு. அவை சேற்றால் அடைபட்டால் கதவுக்குள் தண்ணீர் நின்று உள்ளிருந்தே துரு பிடிக்கும். பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் திறந்துவிடுங்கள்.

7. இலக்கத் தகடு: இது அழகுக்காக மட்டும் அல்ல. இத்தாலிய வீதிச் சட்டக் கோவையின் 102ஆம் பிரிவின்படி தகடு தெளிவாக, முழுமையாக வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டம். தகட்டுச் சட்டத்துக்குப் பின்னால் சிக்கிய மணல், கார் அதிரும்போது பூச்சை அரிக்கும். பின்னால் தண்ணீர் ஓடவிடுங்கள்.

8. சில்லு வளைவுகளின் உள் மடிப்பு: துரு முதலில் தொடங்கும் இடங்களில் ஒன்று. கடற்கரைக்கோ கப்பலிலோ போய்வந்தால், மற்ற இடம் கழுவ நேரம் இல்லாவிட்டாலும் இதற்குள் மட்டுமாவது நல்ல தண்ணீர் அடியுங்கள்.

எச்சம், பிசின், தார்

பறவை எச்சம் அமிலத் தன்மை உள்ளது. சிசிலி வெயிலில் விரைவில் பூச்சில் தழும்பு போடும். சுரண்ட வேண்டாம். சமையலறைக் கடதாசியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்து அதன் மேல் பத்து நிமிடம் போட்டு, பின் தேய்க்காமல் தூக்கி எடுங்கள். மரப் பிசினையும் வீதித் தாரையும் அதற்கென விற்கும் திரவத்தால் இளகவைத்து எடுக்கலாம். முதலில் வெளியே தெரியாத இடத்தில் ஒரு துளி சோதித்துப் பாருங்கள். முடிந்தவுடன் அந்த இடத்தை ஷாம்பு போட்டு அலசிவிடுங்கள்.

தண்ணீரும் இடமும்

2024ஆம் ஆண்டின் வரட்சியில் சிசிலியில் அவசர நிலை அறிவிக்கப்பட்டதையும், அந்த ஒக்ரோபரில் பலேர்மோவின் சில பகுதிகளில் முறை வைத்துத் தண்ணீர் விட்டதையும் நாங்கள் கண்டோம். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும் காலம் இது அல்ல. தெளிகருவியும் இரண்டு வாளியும் இருந்தால் குறைந்த தண்ணீரிலேயே வேலை முடியும். வீட்டு வாசல் வீதியில் கழுவுவதையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். வீதியை அசுத்தப்படுத்துவதை வீதிச் சட்டக் கோவையின் 15ஆம் பிரிவு தடை செய்கிறது.

நாணயம் போட்டுக் கழுவும் லவாஜ்ஜோவுக்குப் போகலாம். ஆனால் அங்கே தொங்கும் நுரைப் பிறஸ்ஸைத் தொட வேண்டாம். உங்களுக்கு முன் வந்தவர் அதனால் எந்தச் சேற்றைத் தேய்த்தார் என்பது தெரியாது. அமுக்கக் குழாயைக் குறைந்தது 30 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடியுங்கள். சின்னத்தின் விளிம்பு, றப்பர், ஏற்கனவே பூச்சு உதிர்ந்த இடம் ஆகியவற்றில் நேராக அடித்தால் உள்ளதும் கழன்று வரும்.

உலர்த்தும்போது தேய்க்காதீர்கள். சுத்தமான மைக்ரோபைபரைப் பரப்பி ஒற்றி எடுங்கள். அந்தத் துணிகளை மற்ற உடுப்புகளோடு போடாமல், வாசனை மென்மையாக்கி சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.

கடைசியாகக் கணக்கு

மேலே சொன்ன சாமான்கள் எல்லாம் நாற்பது யூரோவுக்குள் அடங்கக்கூடியவை. பலவும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஒரு கதவை மட்டும் திரும்பப் பூசுவதற்கே சில நூறு யூரோ கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் 1990களின் எரிபொருள் தடைக் காலத்தில் பழைய ஏ-40 கார்களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த சமூகம் நாங்கள். ஒரு பொருளின் ஆயுளைப் பராமரிப்பால் நீட்டுவது எங்களுக்குப் புதிய பாடம் அல்ல.

ஷிரோக்கோ வீசி ஓய்ந்த அடுத்த நாள் உங்கள் துணியை எடுக்க முன்பு தண்ணீரை எடுங்கள். முதலாளி வீட்டுக் காரைக் கழுவும் தம்பி தங்கைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். உங்கள் கேள்விகளை வழமைபோல் நிலையத்துக்கு எழுதி அனுப்பினால் வரும் ஒலிபரப்பில் பதில் தருவேன்.