பெண் மகவு பிறந்த வீடு

கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒரு மருத்துவமனையின் பேறுகால அறைக்கு வெளியே நீங்கள் காத்திருந்ததுண்டா? காத்திருந்தோர் அக்காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். தஸ்பீஹ் மணியை உருட்டியவாறு சுவரோரம் அமர்ந்திருக்கும் மூதாட்டி. வெந்நீர்ப் பிளாஸ்க்கை மடியில் ஏந்திய பெண்ணின் தாய். நிற்கவும் முடியாமல் அமரவும் முடியாமல் தவிக்கும் கணவன். கதவு திறக்கிறது. "பெண் குழந்தை" என்கிறார் செவிலி. "அல்ஹம்துலில்லாஹ்" என்று எல்லோரும் கூறத்தான் செய்கிறார்கள். ஆயினும் சில வேளைகளில், அச்சொல் வெளிவருமுன் ஓர் அரை மூச்சு தாமதம் நேர்கிறதே, அதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். அந்த அரை மூச்சைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விழைகிறேன்.

ஏனெனில், கதவுக்கு உள்ளே கிடக்கும் தாயின் செவியிலும் அத்தாமதம் விழுகிறது.

அவள் எத்தகைய பாதையைக் கடந்து வந்திருக்கிறாள் என்பதை அருள்மறை திருக்குர்ஆன் மறக்கவில்லை. பலவீனத்தின் மேல் பலவீனமாக அன்னை தன் பிள்ளையைச் சுமந்ததை லுக்மான் அத்தியாயம் நினைவூட்டுகிறது. சுமப்பதும் பால்குடி மறக்கச் செய்வதுமாக முப்பது மாதங்கள் என்று அஹ்காஃப் அத்தியாயம் கணக்கே எடுத்துரைக்கிறது. யமன் நாட்டு மனிதர் ஒருவர் தம் தாயை முதுகில் சுமந்து கஅபாவை வலம் வந்தார். "நான் அவருக்குரிய கடனைத் தீர்த்துவிட்டேனா?" என்று இப்னு உமர் (ரலி) அவர்களிடம் வினவினார். பேற்று வேளையில் அத்தாய் விட்ட ஒரு பெருமூச்சுக்குக்கூட அது ஈடாகாது என்பதே அவருக்குக் கிடைத்த விடையின் பொருள்.

அன்னை மர்யம் (அலை) அவர்களின் பேற்றை எண்ணிப் பாருங்கள். துணைக்கு எவருமில்லை. வலி அவர்களை ஒரு பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டு சேர்க்கிறது. இதற்கு முன்பே மாண்டிருக்கலாகாதா என்று அவர்களின் நா புலம்புகிறது. அப்போது அவர்களை எவரும் கண்டிக்கவில்லை. காலடியில் நீரோடை காட்டப்படுகிறது. மரத்தை உலுக்கக் கனிந்த பழங்கள் உதிரும் என்று சொல்லப்படுகிறது. உண்ணவும் பருகவும் கண் குளிர்ந்திருக்கவும் பணிக்கப்படுகிறது. வலி பொறாது கதறும் பெண்ணை "எல்லோரும் பெறவில்லையா, சத்தம் போடாதே" என்று அதட்டுகின்ற உறவினரும் சரி, பணியாளரும் சரி, மர்யம் அத்தியாயத்தின் இவ்விடத்தை ஒருமுறை நிதானமாக ஓத வேண்டும்.

அம்மர்யம் பிறந்த வரலாறும் இங்கு நமக்கு வேண்டியதே. இம்ரானின் துணைவியார் தம் வயிற்றிலிருந்த மகவை இறைப்பணிக்கென நேர்ந்துகொண்டார். ஆலயப் பணி அந்நாளில் ஆண்களுக்கே உரியது. பிறந்ததோ பெண். "இறைவா, பெண்ணையல்லவா ஈன்றிருக்கிறேன்" என்று அவர் திகைத்ததை ஆலஇம்ரான் அத்தியாயம் கூறுகிறது. அந்தத் திகைப்பும் ஓர் அரை மூச்சுத்தான். இறைவனோ அக்குழந்தையை அழகிய முறையில் ஏற்றுக்கொண்டான். திருக்குர்ஆனில் இயற்பெயர் சொல்லிக் குறிக்கப்பெறும் ஒரே பெண்மணி அந்தக் குழந்தைதான்!

இவையெல்லாம் நாம் அறிந்த செய்திகளாயிற்றே, இப்போது எதற்கு என்று கேட்பீர்களாயின், கடலூர் மாவட்டத்தின் கணக்கொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழகத்தில் 943 பெண் குழந்தைகள் இருந்தனர். கடலூர் மாவட்டத்திலோ அவ்வெண் 900ஐக்கூட எட்டவில்லை. 2001இல் 950க்கு மேலிருந்த எண் பத்தே ஆண்டுகளில் இப்படிச் சரிந்தது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2011இல் கடலூருக்கும் நீட்டிக்க நேர்ந்தது இதனாலேதான். கருவிலிருப்பது ஆணா பெண்ணா எனக் கண்டறிந்து சொல்வதை 1994ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருந்தும் நிலைமை இது. எல்லாச் சமயத்தாரையும் சேர்த்து எடுத்த கணக்கு என்பது உண்மையே. அதனால் நம் வீடுகள் அதில் அடங்கா என்று எவரும் நழுவிவிட முடியாது.

மகள் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்து, மக்களின் கண்ணில் படாது ஒளிந்த அறியாமைக் காலத்து அரபியரை நஹ்ல் அத்தியாயம் இடித்துரைக்கிறது. அவர்கள் மணலில் புதைத்தார்கள். ஸ்கேன் கருவியைக் கொண்டு செய்யப்படுவதற்கு வேறு பெயர் ஏதும் உண்டோ?

இன்னொன்று. பெண்ணாகப் பெற்றாள் என்று மருமகளை நோவது மார்க்கத்துக்கு மட்டுமன்று, அறிவியலுக்கும் பொருந்தாது. குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோம் தந்தையின் வித்திலிருந்து வருவது. தாய் வழங்குவது எப்போதும் ஒரே வகை.

பெண் மகவை வரவேற்பதில் குறை வைக்க மார்க்கத்தில் இடமில்லை. காதில் ஓதும் பாங்கு இருபாலருக்கும் ஒன்றே. ஏழாம் நாளில் பெயரிடுவதும், தலைமுடி களைந்து அதன் எடைக்கு வெள்ளி தருமம் செய்வதும் அவ்வாறே. அகீகாவில் ஆணுக்கு இரண்டு ஆடு, பெண்ணுக்கு ஒன்று என்பது நபிமொழி. ஆனால் மகனுக்கு ஊரழைத்து விருந்து வைத்துவிட்டு, மகளுக்குரிய அந்த ஓர் ஆட்டையும் "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவோரை என்னென்பது? வசதியில்லாதோர் பற்றி நான் பேசவில்லை.

தாயின் உடலையும் மறக்கலாகாது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் வழக்கம் சில வீடுகளில் இன்றும் தலைகாட்டுகிறது. குழந்தையின் முதல் கவசமே அந்தச் சீம்பால்தான்; ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும் என்கின்றனர் மருத்துவர். பேற்று உதிரம் நிற்கும் வரை தொழுகை அவளுக்கு இல்லை. நோன்பைப் பின்னர் நோற்கலாம். அதன் உச்ச எல்லை ஹனஃபி மத்ஹபில் 40 நாள், ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாள். உதிரம் முன்பே நின்றுவிட்டால் அன்றே குளித்துத் தொழலாம். "நாற்பது" முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஓய்வுக்கு நாற்பது நாள் போதுமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவள் அவளேயன்றி மாமியார் அல்லர்.

பரங்கிப்பேட்டையின் பழைய வீடுகளில் பேறு நிகழும்போது பெரும்பாலும் கணவர் ஊரில் இருப்பதில்லை. பினாங்கிலோ சிங்கப்பூரிலோ பிழைக்கப் போன சபராளி அவர். என் பாட்டியார் தம் முதல் மகளை மருத்துவச்சியின் துணையோடு வீட்டிலேயே ஈன்றபோதும் பாட்டனார் கடலுக்கு அப்பால்தான் இருந்தார். பெண் என்பதை எழுதத் தயங்கிய வீட்டுப் பெரியவர், "தாயும் சேயும் நலம்" என்று மட்டும் எழுதி அஞ்சலில் சேர்த்துவிட்டாராம். வாரங்கள் கழிந்து வந்த மறுமொழியைப் பாட்டியார் நெடுநாள் பெட்டியில் வைத்திருந்தார்.

நலம் விசாரித்து, அவள் சரிவர உண்கிறாளா என்று கேட்டு, பால் சுரக்கப் பூண்டும் கருவாடும் குறையாமல் வாங்கித் தரும்படி தனியே பணம் அனுப்பியிருப்பதையும் குறித்திருந்தார். ஆணா பெண்ணா என்று அதில் கேட்கவே இல்லை. ஆண் என்றால் இன்ன பெயர் என்றும் எழுதவில்லை. கடிதத்தின் அடியில் ஒரேயொரு பெயர் மட்டும் இருந்தது: திருக்குர்ஆனின் பத்தொன்பதாம் அத்தியாயத்துக்குரிய அந்தப் பெயர்.