துவக்கும் துப்பாக்கியும்

ஊவா மாகாணத்துச் செய்திகளில் 'கட்டுத்துவக்கு' என்னும் சொல் அவ்வப்போது தலைகாட்டும். காட்டுப்பன்றி வரும் தடத்தில் கயிறு கட்டி, கயிறு இழுபட்டவுடன் வெடிக்குமாறு மறைத்து வைக்கும் பொறி அது. சட்டம் தடுத்தும், அது வழிச்செல்லும் மனிதரையும் வீழ்த்துவதுண்டு.

'துவக்கு' என்பது யாது? பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் வாழும் நம்மவர் 'துப்பாக்கி' என்பர். யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் 'துவக்கு' என்பர். சிங்களவர் 'துவக்குவ' என்பர். துவக்கைக் கொச்சை என்று ஒதுக்குவாரும், துப்பாக்கியை இந்தியப் பேச்சு என்று நகைப்பாரும் நம்மிடையே உளர். இவ்வழக்கினால் மாணவர் தம் வீட்டுச் சொல்லைச் சொல்ல நாணுகின்றனர்.

ஆராயுமிடத்து இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. துருக்கியர் இக்கருவியைத் 'துஃபெக்' என்றனர். பாரசீகத்தில் 'துஃபக்' என்பது வாயால் ஊதி உருண்டை எய்யும் குழலைக் குறித்தது. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல் கஷ்கரி தொகுத்த துருக்கி அகராதியிலேயே, குருவி அடிக்கும் மரப்பட்டைக் குழலின் பெயராக இச்சொல்லின் மூலவடிவம் காணப்படுகின்றது. விளையாட்டுக் குழலின் பெயரே பின்னர் வெடிமருந்துக் குழலுக்கு ஆயிற்று.

'ஃப' என்னும் ஒலி நம் நாவுக்குப் புதிது. ஆதலின் அது ஓரிடத்தில் 'ப்ப' ஆகித் துப்பாக்கி பிறந்தது; வேறோரிடத்தில் 'வ' ஆகித் துவக்குப் பிறந்தது. தெலுங்கரும் கன்னடரும் 'துபாகி' என்பர். 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர் துப்பாக்கியை 'எஸ்பிங்கார்டா' என்றனர். அப்பெயரை நாம் ஏற்கவில்லை.

வள்ளுவர் வான்சிறப்பில் 'துப்பாக்கி' என்று வருகின்றதே என மாணவர் சிலர் வினவுவர். அது 'துப்பு ஆக்கி' எனப் பிரியும். உணவை உண்டாக்கி என்பது பொருள். மழையைப் பற்றிய குறள் அது. எழுத்து ஒன்றாயினும் சொல் வேறு.

ஆகவே துவக்கு என்று எழுதும் பிள்ளையையும் துப்பாக்கி என்று எழுதும் பிள்ளையையும் திருத்த வேண்டுவதில்லை. எப்பெயரால் அழைப்பினும், காட்டோரத்தில் கட்டிய கயிற்றைக் கண்டால் அணுகாதிருக்குமாறு பெற்றோர் அவர்களுக்குக் கற்பித்தல் வேண்டும்.