குரல்கள் கூடும் இடம்

நுழையும்முன்

ஒருவர் பாடப் பலர் கேட்பது ஒருவகை இசை. பலர் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடுவது மற்றொரு வகை. பலர் வெவ்வேறு சுரங்களைப் பாட, அவை இயைந்து ஒரே பாட்டாய் ஒலிப்பது மூன்றாம் வகை. தமிழ்ச் செவிக்குச் சற்றே புதிதான இம்மூன்றாம் வகை எவ்வாறு பிறக்கிறது, தமிழகத்தில் எவ்வழியே பரவியது, அதனை எவ்வாறு கேட்டு மகிழலாம் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

சமவெளியின் கூட்டுக்குரல்

மேற்கே பழனி மலைத்தொடரும் தென்கிழக்கே சிறுமலையும் அரணாய் நிற்க, இடையே விரிந்து கிடக்கிறது திண்டுக்கல் சமவெளி. இங்கும் தமிழகத்தின் பிற வேளாண் நிலங்களிலும் உழைப்போடு சேர்ந்தே பாட்டும் வளர்ந்தது. நாற்று நடும் பெண்களுள் ஒருத்தி ஓர் அடியை முன்பாட்டாகப் பாடுவாள். ஏனையோர் அதனைப் பின்பாட்டாக வாங்கிப் பாடுவர். கும்மியிலும் கோலாட்டத்திலும் இம்முறையே காணப்படும். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும்போது ஆண்குரல் தாழ்ந்தும் பெண்குரல் உயர்ந்தும் ஒலிக்கும். எனினும் பாடப்படும் மெட்டு ஒன்றே. பத்துப் பேர் பாடினாலும் பாட்டின் பாதை ஒன்றாகவே இருக்கும்.

இத்தகைய கூட்டுப்பாடலின் வலிமை ஒருமையில் உள்ளது. ஆனால், பத்துப் பேரும் தத்தமக்கெனத் தனிப்பாதை வகுத்துக்கொண்டு, ஒருவரோடொருவர் முரணாமல் செல்லவும் இசையில் வழியுண்டு. அதனை மேலைநாட்டார் ஹார்மனி என்பர். தமிழில் ஒத்திசை எனலாம்.

பூட்டும் பாட்டும்

ஒத்திசையின் இயல்பை விளங்கிக்கொள்ளத் திண்டுக்கல்லின் புகழ்பெற்ற பூட்டே துணைசெய்யும். 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இப்பூட்டின் உள்ளே, லீவர் எனப்படும் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் பற்கள் வெவ்வேறு உயரத்தில் வெட்டப்பட்டிருக்கும். சாவி திரும்பும்போது ஒவ்வொரு தகடும் தனக்குரிய உயரத்திற்கு எழும். எல்லாத் தகடுகளும் தத்தம் உயரத்தை ஒருசேர அடையும்போதுதான் தாழ் நகரும். ஒரு தகடு சற்றே மிகுந்து எழுந்தாலும் குறைந்து நின்றாலும் பூட்டுத் திறவாது.

ஒத்திசையில் குரல்களின் நிலையும் இதுவே. ஒவ்வொரு குரலுக்கும் உயரம் வேறு. ஆயினும் அவ்வுயரங்களுக்கிடையே ஒரு கணக்கு உண்டு. பழந்தமிழர் ஏழு சுரங்களைக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என வழங்கினர். அவற்றிற்கிடையேயான உறவை இணை, கிளை, நட்பு, பகை எனப் பெயரிட்டும் வகுத்தனர். ஒரு பாடகர் வினாடிக்கு 240 அதிர்வுகள் கொண்ட குரல் என்னும் சுரத்தைப் பாடுவதாகக் கொள்வோம். இரண்டாமவர் 300 அதிர்வுகள் கொண்ட கைக்கிளையையும், மூன்றாமவர் 360 அதிர்வுகள் கொண்ட இளியையும் அதே வேளையில் பாடினால், இம்மூன்றும் 4 : 5 : 6 என்னும் எளிய விகிதத்தில் அமையும். எளிய விகிதத்தில் இயங்கும் அதிர்வுகளைச் செவி இனிமையாக ஏற்கிறது.

விகிதம் சிறிது பிறழ்ந்தாலும் செவி அதனை உணரும். இருவர் ஒரே சுரத்தைப் பாட முயலும்போது ஒருவர் குரல் 240 அதிர்வுகளிலும் மற்றவர் குரல் 242 அதிர்வுகளிலும் நின்றால், ஒலி வினாடிக்கு இருமுறை ஏறியிறங்கி நடுங்கும். இதனை இயற்பியல் விம்மல் என்று குறிப்பிடுகிறது. தேர்ந்த பாடகர் இந்நடுக்கத்தைக் கேட்டு, தம் குரலை நுட்பமாக நகர்த்தி அதனைப் போக்கிவிடுவார். ஆகவே, ஒத்திசை பாடுவோர்க்குத் தம் சுரத்தில் ஊன்றி நிற்கும் உறுதியும், பிறர் சுரத்தைக் கேட்டுக்கொண்டேயிருக்கும் செவியும் ஒருங்கே தேவைப்படுகின்றன.

தம்புராவில் மறைந்திருக்கும் சுரம்

ஒத்திசை முற்றிலும் அயலானது என்று கருதுவதற்கில்லை. கச்சேரி மேடையில் பாடகருக்குப் பின்னே ஒலிக்கும் தம்புராவில் சட்சமும் பஞ்சமமுமே வழக்கமாக மீட்டப்படுகின்றன. நன்கு சுருதி சேர்ந்த தம்புராவை அமைதியாகக் கேட்போர்க்கு, எந்த நரம்பிலும் மீட்டப்படாத காந்தாரமும் மெல்லெனக் கேட்கும். தாழ்ந்த நரம்பு அதிரும்போது அதன் ஐந்தாவது சீரிசையாக அது தானே பிறக்கிறது. இதனைச் சுயம்பு காந்தாரம் என இசைவாணர் அழைப்பர். மேலே கண்ட மூன்று சுரங்களும் தம்புராவின் ஒலியிலேயே அடங்கியுள்ளன.

அவ்வாறாயின் பலகுரல் ஒத்திசை நம் செவ்வியல் இசையில் ஏன் வளரவில்லை? கமகமே அதற்குரிய முதன்மைக் காரணம். தமிழகத்தின் இராக இசையில் சுரங்கள் அசையாது நிற்பவை அல்ல. அவை ஊசலாடும், வழுக்கும், அடுத்த சுரத்தைத் தொட்டு மீளும். அந்த அசைவிலேயே இராகத்தின் உயிர் இருக்கிறது. ஒரு குரல் இவ்வாறு அசைந்துகொண்டிருக்கையில் மற்றொரு குரல் அதனோடு நிலையான விகிதம் காத்தல் அரிது. ஒத்திசையோ சுரம் நிலைத்து நிற்பதை வேண்டுகிறது. இசைமரபுகள் இரண்டும் இரு வேறு அழகுகளைத் தேர்ந்தெடுத்தன. ஒன்று, ஒற்றைக் குரலின் ஆழத்தில் இறங்கியது. மற்றொன்று, பல குரல்களின் அகலத்தை நாடியது.

நான்கு குரல்கள் வந்த வழி

19ஆம் நூற்றாண்டில் இவ்விரு மரபுகளும் தமிழகத்துத் தேவாலயங்களில் ஒரே கூரையின்கீழ்ச் சந்தித்தன. மேலைநாட்டு மெட்டுகளில் அமைந்த பாமாலைகள் சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பேஸ் என்னும் நான்கு குரல் பகுப்பில் பாடப்பட்டன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலியோர் இயற்றிய கீர்த்தனைகள் இராக தாளங்களோடு ஒற்றை மெட்டாகப் பாடப்பட்டன. திண்டுக்கல்லையும் தன் பணிக்களங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்த மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், 1853ஆம் ஆண்டு தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். பாமாலை, கீர்த்தனை ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட செவிகள் இருவகை இசைக்கும் பழகின.

தேவாலயத்திற்கு வெளியே, பொதுவெளியில் தமிழ்ப்பாடல்களை ஒத்திசையோடு ஒலிக்கச் செய்த பெருமை எம்.பி. சீனிவாசனுக்கு உரியது. 1970களின் தொடக்கத்தில் அவர் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நிறுவினார். அலுவலகப் பணியாளர், மாணவர் எனப் பல நிலையினரும் அதில் பாடினர். பாரதியார் பாடல்களும் இந்திய மொழிகள் பலவற்றின் பாடல்களும் அக்குழுவால் பல குரல்களில் பாடப்பட்டன. சேர்ந்திசை என்னும் சொல்லும் மக்களிடையே பரவியது.

தெரிந்து தெளிவோம்

எம்.பி. சீனிவாசன் (1925–1988) திரைப்பட இசையமைப்பாளர். 'பாதை தெரியுது பார்' (1960) என்னும் தமிழ்ப்படத்திற்கு இசையமைத்தவர். மலையாளத் திரையுலகில் மிகுதியாகப் பணியாற்றியவர். சேர்ந்திசையை மக்கள் இயக்கமாக வளர்க்க முனைந்தவர்.

திரையிசையில் ஒத்திசை

ஒத்திசையைப் பட்டிதொட்டி எங்கும் கொண்டுசேர்த்தது திரையிசை. இளையராஜா பிறந்த பண்ணைப்புரமும் திண்டுக்கல்லும் அந்நாளில் ஒரே மதுரை மாவட்டத்தில் இருந்தவை. அண்ணன் பாவலர் வரதராசனுடன் ஊர் ஊராகச் சென்று பாடிய அவர், பின்னர்ச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசையிலக்கணம் பயின்றார். 'சிட்டுக்குருவி' (1978) படத்தில் எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் பி. சுசீலாவும் பாடிய 'என் கண்மணி' என்னும் பாடலில், இரு வேறு மெட்டுகள் ஒரே வேளையில் ஒன்றன்மேல் ஒன்றாய் ஓடுகின்றன. இம்முறையை எதிரிசை எனலாம். கேட்போர் ஒரு மெட்டைப் பின்தொடரும்போது மற்றொன்று பின்புலமாகிவிடும்; கவனத்தை மாற்றினால் பின்புலம் முன்னே வரும்.

'திருடா திருடா' (1993) படத்திற்கு ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த 'ராசாத்தி' என்னும் பாடல் வேறொரு சான்று. ஷாகுல் ஹமீது பாடிய அப்பாடல், மனிதக் குரல்களையே பெரிதும் பின்னணியாகக் கொண்டது. அதன் மெட்டு நாட்டுப்புறச் சாயல் உடையது. செவ்வியல் இராகங்களைவிடக் கமகம் குறைந்த நாட்டுப்புற மெட்டு, ஒத்திசைக்கு எளிதில் இடங்கொடுக்கும் என்பதை அப்பாடல் காட்டுகிறது. வயற்காட்டின் பின்பாட்டுக்கும் மேலைநாட்டுக் குரலடுக்குக்கும் இடையிலான தொலைவு எண்ணுமளவு பெரிதன்று.

ஓர் இசைத்தொகுப்பைக் கேட்கும் முறை

குரலொத்திசையையே அடித்தளமாகக் கொண்ட மெல்லிசைத் தொகுப்புகள் உலகெங்கும் உள்ளன. 1969ஆம் ஆண்டு வெளிவந்த கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் ஆகிய மூவரின் முதல் தொகுப்பு அவற்றுள் பெயர்பெற்றது. மூவரும் அதற்கு முன்னர் வெவ்வேறு குழுக்களில் பாடியவர்கள். புதிய குழுவுக்குத் தனிப்பெயர் சூட்டாமல் தம் பெயர்களையே வரிசையாக இட்டுக்கொண்டனர். பல பாடல்களில் மின்னிணைப்பில்லாத கிட்டாரின் மெல்லொலிமேல் மூன்று குரல்கள் அடுக்கப்பட்டுள்ளன. அதன் முதற்பாடல் பல பகுதிகளாகத் தொடுக்கப்பட்டு, ஏழு நிமிடங்களுக்கும் மேல் நீள்கிறது. கருவிகளின் ஓசை குறைவதால் குரல்களின் சேர்க்கையும் பிரிவும் தெளிவாகக் கேட்கின்றன.

இத்தகைய தொகுப்பை ஒரே முறை கேட்டு முழுதும் உணர்தல் இயலாது. முதன்முறை கேட்கும்போது செவி முதன்மை மெட்டையே பற்றிக்கொள்ளும். அது இயல்பே. இரண்டாம் முறை கேட்கும்போது அம்மெட்டை விடுத்து, அதற்குக் கீழே ஒலிக்கும் குரலை மட்டும் தேடிப் பின்தொடர வேண்டும். அக்குரலைத் தாமும் மெல்லப் பாடிப் பார்த்தால் அதன் கடினம் புலப்படும். முதன்மை மெட்டு தம்மை இழுத்துக்கொள்ள முயல்வதை உணரலாம். மூன்றாம் முறை, குரல்கள் எங்கே பிரிகின்றன, எங்கே மீண்டும் ஒன்றாகின்றன எனக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் பாடலின் பொருள் கனக்கும் சொற்களிலேயே குரல்கள் விரியும். நான்காம் முறை எதனையும் தேடாமல் முழுமையாகக் கேட்கலாம். முன்னர் ஒற்றை மெட்டாய்த் தோன்றியது, இப்போது பல குரல்கள் வாழும் இல்லமாய்த் தோன்றும்.

கேட்கும் கருவியும் இன்றியமையாதது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த சுரங்களைச் செம்மையாக வெளிப்படுத்தாது. அதனால் பேஸ் குரல் பெரிதும் மறைந்துபோகும். ஒரே செவியில் மட்டும் கேட்பொறியைப் பொருத்திக்கொண்டு கேட்போர்க்கு, மறுபுறம் ஒலிக்கப் பதிவான குரல் குறைந்தோ கேளாமலோ போகக்கூடும். அவசரமாகக் கேட்போர்க்கு நடுக்குரல் மறைந்துவிடும்.

கேளாக் குரல்கள்

நடுக்குரல் மறைவது இசையில் மட்டும் நிகழ்வதன்று. திரைப்பட இசைத்தட்டுகளின் உறைகளில் முதன்மைப் பாடகரின் பெயர் இருக்கும். சேர்ந்து பாடிய குழுவினரின் பெயர்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் அவர்களுள் ஒருவர் தம் சுரத்திலிருந்து வழுவினால் பாட்டின் அழகு முழுவதும் குலையும். ஒரு தகடு பிழைத்தால் பூட்டுத் திறவாதது போன்றதே இது. முதன்மைக் குரலின் இனிமைக்குப் பின்னே, தம்மை முன்னிறுத்தாமல் தம் இடத்தில் உறுதியாய் நிற்கும் குரல்கள் உள்ளன. அவற்றைப் பிரித்துக் கேட்கப் பழகியவர், உரியவர்க்கு உரிய பாராட்டை வழங்கவும் பழகுவர்.

திருவள்ளுவர் கேள்விக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். செவியால் பெறும் செல்வத்திற்கு அத்துணைச் சிறப்பு அளித்த மரபில், இசை கேட்டலும் ஒரு கல்வியே ஆகும். ஒற்றைக் குரலின் ஆழத்தை உணரத் தமிழர் நெடுங்காலம் செவியைப் பண்படுத்தியுள்ளனர். பல குரல்களின் இயைபையும் உணரக் கற்றால் அச்செவி மேலும் விரியும். தன் குரலை இழக்காமல் பிறர் குரலுக்கு இடந்தருதல் பாடுவோரின் பயிற்சி. எல்லாக் குரல்களையும் செவிமடுத்தல் கேட்போரின் பயிற்சி. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் சேர்ந்திசை நிறைவு பெறுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பாடப்படும் முன்பாட்டு, பின்பாட்டு அமைந்த நாட்டுப்புறப் பாடல் ஒன்றைக் கேட்டு, பாடுவோர் பங்கிட்டுக்கொள்ளும் முறையை எழுதுக.

2. குழுவினர் குரல் இடம்பெறும் திரைப்பாடல் ஒன்றை நான்கு முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் புதிதாக உணர்ந்தவற்றை அட்டவணைப்படுத்துக.

3. 'கமகமும் ஒத்திசையும்' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.