உப்பளத்துக் காதலும் எழுதலாமே!

"சமைக்கிறவளுக்கு எதுக்கு நாவல் போட்டி?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். பதினைந்து வயதில் கல்யாணமாகி, அதிகம் பள்ளிப் படிப்பில்லாத ராஜம் கிருஷ்ணன், 1953-ல் 'பெண்குரல்' நாவலுக்குக் கலைமகள் பரிசு பெற்றார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 1979-ல் 'கரிப்பு மணிகள்' எழுதியவரும் அவரே!

நானும் மதிய வேளைகளில் ஒன்பது அத்தியாயம் முடித்துவிட்டேன். மரக்காணத்தில் உப்பு வாருகிற பெண்தான் கதாநாயகி.

தோழிகளே, 'பிரசுரமாகாத படைப்பு' என்று போட்டியில் கேட்டிருந்தால், வாட்ஸ்அப்பில்கூட அத்தியாயம் போட்டுடாதீங்க. நகல் ஒன்று கட்டாயம் கையில் இருக்கட்டும். கதையின் உரிமை யாருக்கு என்று விதிமுறையைப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்க. பரிசு வந்தாலும் வராவிட்டாலும், கதை நம்முடையதாச்சே!

- ஒரு வாசகி, கிளியனூர்.