பீரங்கி ஊரின் இரட்டைக் குரல்

ஸ்வீடனில் ஃபின்ஸ்போங் என்று ஒரு சின்ன ஊர். பதினேழாம் நூற்றாண்டில் அங்கே பீரங்கி வார்த்தார்கள். இப்போது டர்பைன் செய்கிறார்கள். உலோகத்தை நம்பிப் பிழைத்த ஊரில் ஒரு ஹெவி மெட்டல்காரர் உருவானதில் ஆச்சரியமில்லை. டான் ஸ்வானோ என்ற அந்த ஒற்றை மனிதர் எத்தனை பேர் வேலையைச் செய்திருக்கிறார் என்பதுதான் ஆச்சரியம். 1973-ல் பிறந்தவர். பாடுவார், டிரம்ஸ், கிட்டார், பேஸ், கீபோர்டு எல்லாம் வாசிப்பார். போதாததற்கு ஒலிப்பதிவு, மிக்ஸிங் வேறு.

1989-ல் அவர் தொடங்கிய 'எட்ஜ் ஆஃப் சானிட்டி' ஒரு டெத் மெட்டல் குழு. அந்தக் காலத்தில் ஸ்வீடிஷ் டெத் மெட்டல் என்றாலே ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோதான். ரம்பம் அறுப்பது போன்ற கிட்டார் சத்தம் அதன் முத்திரை. ஸ்வானோ தன் யூனிசவுண்ட் ஸ்டுடியோவில் வேறு பாதை பிடித்தார். இந்த இசையைப் பதிவு செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. சுருதி இறக்கிய கிட்டார், பேஸ், இரண்டு கால்களாலும் மிதித்து உருட்டும் பேஸ் டிரம், அடித்தொண்டை உறுமல் என எல்லாமே கீழ் ஸ்தாயியில் வந்து முட்டிக்கொள்ளும். எதைக் குறைத்து எதற்கு இடம் விடுவது என்று தெரியாவிட்டால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். டிஸ்செக்‌ஷனின் 'தி சோம்பர்லைன்' (1993), ஓபெத்தின் 'ஆர்க்கிட்' (1995), 'மார்னிங்ரைஸ்' (1996) ஆகியவை யூனிசவுண்டில் பதிவானவை. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற குழுக்களின் முதல் அடிகளை இவர் காதுதான் வடிகட்டியது.

அவருடைய உச்சம் என்று நான் சொல்வது எட்ஜ் ஆஃப் சானிட்டியின் பெயரில் 1996-ல் வந்த 'கிரிம்சன்' ஆல்பத்தை. மொத்தமும் ஒரே பாட்டு, 40 நிமிடம். சிடியில் ஒரே டிராக் என்பதால், பிடித்த இடத்துக்குத் தாவ அடுத்த பாட்டு என்று ஒன்று கிடையாது. மனித இனம் பிள்ளை பெறும் சக்தியை இழந்துவிட்ட எதிர்காலத்தில், அரசனுக்கும் அரசிக்கும் ஒரு குழந்தை பிறப்பதில் தொடங்குகிறது கதை. ஓபெத்தின் மிக்கேல் ஓகர்ஃபெல்ட்டும் வந்து பாடிக் கொடுத்திருக்கிறார். ஒரு கட்டத்தில் உறுமலாகவே போய்க்கொண்டிருக்கும் ஸ்வானோ, மூச்சு விடும் நேரத்தில் கனத்த, தெளிந்த குரலுக்கு மாறுவார். பாடுவது வேறு ஆளோ என்று சந்தேகம் வரும்.

பல துறைக்காரர் என்றால் எதிலும் ஆழமில்லாதவர் என்று நாம் நினைத்துவிடுகிறோம். இவர் விஷயத்தில் அந்தக் கணக்கு பொய்க்கிறது. 'பிளட்பாத்' குழுவில் 2002 ஆல்பத்துக்கு டிரம்ஸ் வாசித்தவர், 2004 ஆல்பத்தில் கிட்டாரோடு நிற்கிறார். 1998-ல் வந்த தனி ஆல்பம் 'மூன்டவர்'. அதில் பாட்டிலிருந்து டிரம்ஸ் வரை எல்லாம் அவரே. எழுபதுகளின் புரோக்ரெசிவ் ராக் கீபோர்டும் டெத் மெட்டல் உறுமலும் அதில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன. எட்ஜ் ஆஃப் சானிட்டியிலோ சுமுகம் நீடிக்கவில்லை. 1997-ல் வந்த 'கிரிப்டிக்' ஆல்பத்தில் அவர் இல்லை. 2003-ல் 'கிரிம்சன் 2' எழுதியபோது அந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, பெரும்பாலும் தனியாகவே செய்து முடித்தார்.

உறுமல் ஒத்துவராத காதுகள் அவருடைய 'நைட்டிங்கேல்' குழுவில் தொடங்கலாம். மெல்லிய ராக், முழுக்க அந்தத் தெளிந்த குரல்தான். துணிந்தவர்கள் நேரே 'கிரிம்சன்' போடுங்கள். 40 நிமிடம் யாரும் கூப்பிடாத நேரமாகப் பார்த்து.