கொக்கல ஏரியிலிருந்து கிளம்பிய விமானம்

1942 ஏப்ரல் 4ஆம் தேதி, இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கல ஏரியிலிருந்து கிளம்பிய கட்டலினா கடல்விமானத்தின் தலைவரான கனடா நாட்டு லெனார்டு பர்ச்சால், தெற்கே இந்து சமுத்திரத்தில் ஜப்பானியக் கடற்படையின் பெருந்திரளைக் கண்டு, ஜீரோ போர்விமானங்கள் சூழ்ந்துகொண்டு சுடுகையிலேயே அச்செய்தியைக் கம்பியில்லாத் தந்தி மூலம் கொழும்புக்கு அனுப்பிவிட்டார். விமானம் கடலில் வீழ்ந்தது. ஒன்பதின்மருள் அறுவரே பிழைத்து, யுத்தம் முடியும்வரை சிறைவாசம் அனுபவித்தனர். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பின்மீது குண்டுகள் விழுந்தன. எச்சரிக்கை கிடைத்திருந்தும், இரத்மலானை விமானத்தளத்துப் போர்விமானங்கள் தரையிலிருந்தபோதே எதிரி வந்துவிட்டான் என்பது வேறு கதை.

இத்தகைய விருத்தாந்தங்களை, எவருடைய ஆதரவையும் நாடாத தனிமனிதர்கள், பழைய பறப்புக் குறிப்பேடுகளையும் புகைப்படங்களையும் தேடியெடுத்து, இணையத்தில் சொல்லிவருகின்றனர். வீரஸ்துதி சற்று மிகுவதுண்டு. உங்கள் வீட்டுப் பெட்டியில் அக்காலத்துக் கடிதமோ படமோ இருந்தால், பிரதியெடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள்.